தாகமில்லாத தோட்டம்

செடி சத்தம் போடும். சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். பயிற்சிக்குப் போன முதல் நாள், நீர் மையத்துப் பெனினா மேடம் ஒரு வெண்டைச் செடியின் தண்டில் பட்டாணி அளவுள்ள ஒரு கருவியைக் கவ்வவைத்து ஒலிபெருக்கியோடு இணைத்தார். டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். பிறகு டிக், டிக், டிக் என்று வரிசையாக.

"என்ன மேடம் இது, பல்லியா?" என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பல்லி இல்ல அண்ணாச்சி, தாகம்" என்றார். "தண்டுக்குள்ள தண்ணி நூல் மாதிரி மேல ஏறிக்கிட்டே இருக்கு. மண்ணுல ஈரம் குறைஞ்சா அந்த நூல் இழுபட்டு அறுந்துபோகும். அறுந்த இடத்துல ஒரு குமிழி வெடிக்கும். அந்தச் சத்தம் நம்ம காதுக்குக் கேக்காது. இதுக்குக் கேக்கும்."

அந்தக் கருவிக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. எங்கள் ஊரில் எல்லோரும் அதைக் 'காது' என்றார்கள். தோட்டம் தோட்டமாகப் போய் அதைப் பொருத்துகிற வேலை எனக்கு வந்ததால் நான் 'காதுக்காரர்' ஆனேன். பால்துரை என்று அப்பா வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி.

எங்கள் ஊர் கீழாவாரங்குளம். தென்காசிக்குக் கிழக்கே செம்மண் பூமி. கத்திரி, வெண்டை, மிளகாய், பாகல் எல்லாம் போடுவோம். எல்லாமே கிணற்றுப் பாசனம். ஒரு கிணற்றுக்கு இரண்டு பங்காளி, நாலு பங்காளி என்று இருப்பார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் எடுப்பார்கள். அந்த முறைக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எங்கள் ஊரில் நிறைய. மூன்று வருடம் மழை பொய்த்தபோதுதான் மையம் வந்து முறையை ஒழித்தது. எந்தச் செடி தாகம் என்கிறதோ அந்தச் செடிக்கு மட்டும் சொட்டுக்குழாயில் தண்ணீர் போகும். வால்வைத் திறப்பதும் காதுதான், மூடுவதும் காதுதான். மனிதன் கை வைக்கக்கூடாது என்று வால்வுக்குப் பூட்டு வேறு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஏற்பாடு. பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கிலேயே காய் குலுங்கியது. இப்போதும் நான் அதைக் குறை சொல்லமாட்டேன். குறை என்னிடம் இருந்தது.

பயிற்சியில் பெனினா மேடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"வயிறு நிறைஞ்ச செடியும் லேசா சத்தம் போடத்தான் செய்யும். அதனால முதல்ல தோட்டத்தை ரெண்டு நாள் நல்லா நனைச்சு, செடி சுகமா இருக்கும்போது அந்தச் சத்தத்தைக் காதுல பதிஞ்சிடணும். அதுதான் அடிக்கணக்கு. அதுக்கு மேல சத்தம் வந்தா தாகம்னு காது எடுத்துக்கும்."

"வாடின செடியில பதிஞ்சுட்டா?"

"வாட்டத்தையே சுகம்னு நினைச்சுக்கும் அண்ணாச்சி. அப்புறம் அந்தத் தோட்டம் என்ன கத்தினாலும் அதுக்குக் கேக்காது."

கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஊரில் முப்பத்தாறு தோட்டம். முப்பத்தைந்தில் பொருத்தி முடித்திருந்தேன். மிச்சம் என் அண்ணன் தவசிமுத்துவின் தோட்டம். எங்கள் கிணற்றுக்கு இரண்டே பங்கு, பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. அண்ணன் ஒன்றரை ஏக்கரிலும் கத்திரி நாற்று நட்டிருந்தார். நன்றாக வேர் பிடித்திருந்தது. ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்து அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றுப் பங்காளி இறந்தால் ஐந்து நாளைக்கு அவர் பங்குத் தண்ணீரை யாரும் தொடமாட்டார்கள். அந்த ஐந்து நாள் தண்ணீரும் இறந்தவருக்கு. பெற்ற மகனானாலும் மோட்டார் போடமுடியாது. ஆனி வெயிலில் ஐந்து நாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கத்திரி இலையெல்லாம் துவண்டு தொங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. அன்றைக்குள் ஊரின் எல்லாத் தோட்டமும் பதிவாகவில்லை என்றால், ஊருக்கே திட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். தண்ணீரும் விடமுடியாது, நாளையும் தள்ளமுடியாது. அந்த வாடின செடிகளில் காதைப் பொருத்தி அடிக்கணக்கைப் பதிந்தேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் நனைத்துவிட்டு மறுபடி பதிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். விசேஷத்துக்கு அலைந்த அலைச்சலில் அது சுத்தமாக மறந்துபோனது.

அதுவரைக்கும் நடந்தது மறதி. மறதிக்காக யாரும் என்னைத் தூக்கில் போடப்போவதில்லை.

ஆவணியில் ஒரு காலை, அண்ணன் மனைவி ராஜகனி மைனி என் தோட்டத்து வரப்பில் வந்து நின்றார். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஒன்றரை ஏக்கரும் கிணற்றில் பாதியும்தான் மைனிக்கு எல்லாமே.

"தம்பி, சோலியா இருக்கீயளா? ஒரு எட்டு நம்ம தோட்டத்துக்கு வந்து பாருங்களேன். இலையெல்லாம் சுருண்டு கெடக்கு. செடி வளரவே மாட்டக்கு. காது சரியாத்தான் வேல செய்யுதா?"

"நீங்க போங்க மைனி, பாக்கேன்" என்றேன்.

போய்ப் பார்த்தேன். செடிகள் முழங்காலைத் தாண்டவில்லை. பூ உதிர்ந்து கிடந்தது. போனில் காதின் கணக்கைத் திறந்தேன். தோட்டம் முழுக்க டிக் டிக் என்று வெடித்துக்கொண்டிருக்கிறது, காது 'சுகம்' என்று எழுதியிருக்கிறது. ஐந்தாம் நாள் பதிந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காது கேட்காவிட்டாலும் எந்தத் தோட்டத்துக்கும் தினம் தானாகப் போகிற உயிர்த்தண்ணீரை மட்டும் கொடுத்து, இரண்டு மாதமாக அந்தத் தோட்டத்தை அதே துக்க நாளிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சரிசெய்வது பெரிய காரியமில்லை. மையத்தில் தப்பைச் சொல்லவேண்டும், இரண்டு நாள் நனைக்கவேண்டும், ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அவ்வளவுதான்.

நிமிர்ந்தேன். வரப்புக்கு இந்தப் பக்கம் என் பாகல் பந்தல். ஒரே கிணறு அல்லவா? மைனி தோட்டம் கேட்காத தண்ணீரெல்லாம் என் பக்கம் மிச்சமாக நின்றது. என் காது கேட்ட நேரமெல்லாம் தண்ணீர் கிடைத்தது. பந்தல் தாங்காத காய்ப்பு. என் ஆயுசில் அப்படி ஒரு பாகல் எடுத்ததில்லை. சந்தையில் என் மூட்டையைத்தான் முதலில் பிரித்தார்கள்.

திரும்பிப் போய் மைனியிடம் சொன்னேன்: "காதெல்லாம் சரியாத்தான் இருக்கு மைனி. செடி கொறஞ்ச தண்ணிக்குப் பழகுது. பழகுற வரைக்கும் கொஞ்சம் அப்பிடித்தான் இருக்கும்."

"அப்பிடியா தம்பி? சரி, ஒங்களுக்குத்தான தெரியும்" என்று போய்விட்டார்.

இந்தப் பறிப்பு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொன்னேன். அந்தப் பறிப்பு முடிந்தது. அடுத்த பறிப்பு வந்தது. பிறகு தீபாவளிச் சந்தை வந்தது. மனிதனுக்குத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக் காரணமா இல்லை?

என் மனைவி ஜெயக்கொடி விவரமானவள். ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"மைனி தோட்டம் என்ன இப்பிடிச் சூம்பிக் கெடக்கு? நீங்க போயிப் பாத்தீயளா?"

"பாத்தேன்."

"பாத்து?"

"பாத்தேன்னுல்லா சொல்லுதேன். பெறவு என்ன நொய் நொய்னு?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பிறகு பாகற்காய் பறிக்க அவள் வரவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றாள்.

ஐப்பசியில்தான் கூத்து. மையத்தின் கணக்கில் சுற்றுவட்டாரத்திலேயே மிகக் குறைந்த தண்ணீரில் பயிர் நிற்கிற தோட்டம் எது என்று பார்த்தார்களாம். மைனி தோட்டம்! பெனினா மேடம் பூங்கொத்தும் பாராட்டுப் பத்திரமும் எடுத்துக்கொண்டு நாலு பேரோடு வந்து இறங்கினார். காய் எடை குறைவுதான், ஆனால் காது கணக்குப்படி ஒரு சொட்டுத் தாகம்கூட இல்லாத தோட்டம் என்று புகழ்ந்தார். பொருத்தியவர் யார் என்று கேட்டு எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். அதைப் போர்த்திக்கொண்டு நின்றேன். வெட்கம்கெட்ட ஜென்மம்.

வந்தவர்களுக்கு மைனி சோறு ஆக்கியிருந்தார். அந்தத் தோட்டத்துக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. காய் பிஞ்சிலேயே விதை முற்றி, ஒரே கசப்பு. வந்தவர்கள் மரியாதைக்கு விழுங்கினார்கள். மைனி எனக்குப் பக்கத்தில் வந்து குழம்பு ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இவிய என்னென்னமோ சொல்லுதாவ தம்பி. எனக்குத் தெரியும். ஒங்க அண்ணன் கையால நட்ட நாத்துல்லா? அவிய போனதுல இருந்து அதுக்குத் தண்ணி எறங்கல. எனக்குச் சோறு எறங்கலல்லா, அதே மாதிரி. செடிக்கும் தெரியத்தான் செய்யுது. அத நெனச்சாத்தான் எனக்கு ஒரு ஆறுதல்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெனினா மேடம் எதிரில்தான் இருந்தார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மேடம் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, இனிமே ஒவ்வொரு தோட்டத்துலயும் தனித்தனியாப் பதிய வேண்டாம். ராஜகனி அம்மா தோட்டத்து அடிக்கணக்கையே அடுத்த நாற்பத்தோரு ஊருக்கும் அனுப்பப்போறோம். கத்திரி போடுறவங்க எல்லாருக்கும் இதுதான் மாதிரி."

"நல்லது மேடம்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

மார்கழியில் மையத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. ஒரு பருவம் முழுக்கத் தண்ணீர் மிச்சமாக விழுந்த பங்கை, அந்தப் பங்காளி சம்மதித்தால், அதே கிணற்றின் அடுத்த பங்காளிக்கு நிரந்தரமாக மாற்றலாமாம். மிச்சம் விழுந்தது மைனி பங்கில். அடுத்த பங்காளி நான். பங்கு போய்விட்டால் அந்த ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் மைனி அடுத்தவர் தோட்டத்தில் களை வெட்டப் போகவேண்டியதுதான்.

அறிவிப்பை ஜெயக்கொடியிடம் காட்டினேன். வாசித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"போயிச் சொல்லிருங்க" என்றாள்.

"என்னத்த?"

"என்னன்னு எனக்குத் தெரியாது. ஆவணியில இருந்து நீங்க தூங்கல. அது என்னமோ அதச் சொல்லிருங்க."

பங்கு மாற்றுகிறதுக்கான கூட்டத்தைச் சமுதாயக் கூடத்தில் வைத்திருந்தார்கள். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதலில் மறதியைச் சொல்லவேண்டும், அப்புறம் மெதுவாக மற்றதை. போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. உள்ளே நுழைந்தபோது மைனி பேனாவை மூடிப் பெனினா மேடம் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, ஒங்களத்தான் தேடினோம்" என்றார் மைனி. முகத்தில் ஒரு நிறைவு. "நான் கையெழுத்துப் போட்டாச்சு. எந் தோட்டம்தான் தண்ணியே கேக்கலையே. சும்மா கெணத்துல கெடந்து யாருக்கு என்ன பிரயோசனம்? ஒங்க பக்கம் செடி தாகம் தாகம்னு கேட்டுக்கிட்டே இருக்காமே, மேடம் சொன்னாவ. எடுத்துக்கிடுங்க. அண்ணன் இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாவ."

பக்கத்தில் ரெண்டு பேர் கை தட்டினார்கள். மேடம் தாளை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களும் போட்டுட்டீங்கன்னா முடிஞ்சது அண்ணாச்சி."

மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மைனி தோட்டத்துக்குத் தாகம் உண்டு" என்றேன். "ஆறு மாசமா தாகத்துல செத்துக்கிட்டு இருக்கு. நான் வாடின செடியில பதிஞ்சுட்டேன். அண்ணன் செத்த அஞ்சாம் நாள். காதுல இருக்குற கணக்கே தப்பு."

மேடம் அவசரமாகப் போனைத் திறந்து பதிவுத் தேதியைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் வெளிறியது.

"அண்ணாச்சி... இதைத்தானே நாற்பத்தோரு ஊருக்கும் அனுப்பியிருக்கோம்!"

தாளை அவரே எடுத்துக் கிழித்தார். மைனியிடம், "பங்கு உங்க பேர்லதான்மா இருக்கும், இன்னைக்கே நனைச்சு மறுபடி பதிஞ்சிடலாம்" என்று என்னென்னவோ சொன்னார். மைனி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தம்பி தெரியும்?"

இன்றைக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அதுதான் கொடுமை, நம்பியிருப்பார்.

"ஆவணியில மைனி. நீங்க வந்து கேட்ட அன்னைக்கே."

மைனி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

"மெஷினுக்குக் கேக்கல, சரி. நான் வாயத் தொறந்துல்லா கேட்டேன்? ஒங்களுக்குமா கேக்கல?" என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவிய வருத்தத்துலதான் செடி தண்ணி குடிக்கலன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே தம்பி. என்னய இப்பிடிப் பைத்தியக்காரி ஆக்கிட்டீயளே" என்றார்.

தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடம் மெல்ல, "மத்த ஊருக்கெல்லாம் மையத்துல இருந்து ஒரு செய்தி அனுப்பிடுறேன். புது அடிக்கணக்கு பதியச் சொல்லி" என்றார்.

"செய்தி வேண்டாம்மா" என்றார் மைனி. "செய்திய யாரு வாசிக்கா? இவிய போவட்டும். ஒவ்வொரு ஊருக்கும் போயி, மறந்து போச்சுன்னு மட்டும் சொல்லக்கூடாது. நான் என்ன கேட்டேன், இவிய என்ன சொன்னாவ, அதையும் சேத்து வாயத் தொறந்து சொல்லட்டும். அது முடிஞ்ச பெறவு எங்க வீட்டுப் பக்கம் வந்தாப் போதும்."

அன்று மாலையே மைனி தோட்டத்து வால்வைத் திறந்தோம். என் பந்தலுக்குப் போகவேண்டிய தண்ணீரும் சேர்ந்து அங்கே போனது. மூன்றாம் நாள் நானே உட்கார்ந்து புதிதாகப் பதிந்தேன். ஒரு வாரம் கழித்துக் காது முதல் முறையாக 'தாகம்' என்று எழுதியது. மைனி வரப்பில் நின்றார். என்னைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

தை பிறந்ததும் கிளம்பினேன். முதலில் போன ஊர் வடக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரம். கோயில் மைதானத்தில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். ஒன்று விடாமல் சொன்னேன். மைனி கேட்டதைச் சொன்னேன், நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்து, "நீயெல்லாம் மனுசனாய்யா?" என்றார். இன்னொருத்தர், தன் மனைவி மூன்று மாதமாக இலை சுருளுகிறது என்று சொல்லிச் சொல்லி, அதற்கு ஏச்சு வாங்கியதைச் சொன்னார். ஒரு பெண் அழுதுவிட்டார். எல்லோரும் எதையாவது சொன்னார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. மரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் சொல்லச் சொல்ல எல்லோர் முகமும் மாறியது. அவர் முகம் மட்டும் மாறவில்லை. யார் என்று பக்கத்தில் கேட்டேன். சுடலைமணி, அந்த ஊர்க் காதுக்காரர் என்றார்கள்.

கூட்டம் கலைந்ததும் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்ட வரவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"கார்த்திகையில, அண்ணாச்சி." குரல் கீழே இறங்கியிருந்தது. "போயிப் பாத்தேன். தோட்டம் பூராவும் வெடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. ஆனா மையமே அனுப்புன கணக்குல்லா? நாம என்னத்தச் சொல்லன்னு இருந்துட்டேன்."

"மத்த ஊர்க் காதுக்காரங்களுக்குத் தெரியுமா?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எடுத்தவர் திறக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தோரு பேரும் ஒரே குரூப்புலதான் இருக்கோம்" என்றார். "தெனமும் குட் மார்னிங் போடுவோம். அதப்பத்தி மட்டும் ஒருத்தரும் எழுதல."